ஜிபார் வெள்ளன்னத்தைத் தொட்டிலில் ஏற்றிய நாள்

ஏரிக்கு அக்கரையில் மலைகள்மேல் புதுப் பனி இறங்கியிருந்தது. முந்தின நாள் வரை முகட்டில் மட்டும் இருந்த வெள்ளை, காலையில் பார்த்தால் இடுப்பு வரை வந்து நிற்கிறது. அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்துவிட்டு விறகைப் பற்றியும் நிலக்கரியைப் பற்றியும் பேசத் தொடங்கினார்கள். ஜிபாருக்கோ தலைகால் புரியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்று, அந்த வெள்ளையைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்குத்தான்,” என்றாள்.

“என்ன இன்னிக்குத்தான்? அடுப்பெல்லாம் பால் பாரு,” என்றான் அவள் கணவன் குபாத். சாலையோரம் புகை போட்ட மீன் விற்கிறவன்.

“போகட்டும். இன்னிக்கு வெள்ளன்னத்த நான் தொட்டில்ல ஏத்தப் போறேன்.”

“ஏத்திருவியா?”

“ஏத்திருவேன்.”

“ஏத்தலன்னா?”

“ஏத்தலன்னா அடுத்த கோடைக்கு உங்க பக்கத்துல உக்காந்து மீன் வித்துக்கிட்டிருப்பேன்.”

“அப்ப நீ ஏத்திரு தாயே,” என்றான் குபாத் அவசரமாக. “நீ பேசற விலைக்கு என்கிட்ட ஒரு மீன் விக்காது.”

வெள்ளன்னம் ஊர்க்கோடியில் இருக்கும் ஓய்வு விடுதியின் படகு. மே மாதம் தண்ணீரில் இறங்கினால், வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு இலையுதிர்காலம் வரை ஏரியைச் சுற்றி வரும். அக்கரை மலை இடுப்பு வரை வெளுத்துவிட்டால் அதைக் கரையேற்ற வேண்டும். அந்த ஏரி எந்தக் குளிருக்கும் உறையாது. அதுதான் தொல்லையே. உறைகிற ஏரியில் அலை அடங்கிக் கிடக்கும். இங்கே குளிர்காலம் முழுவதும் மேற்கிலிருந்து உலான் காற்று வந்து அலையைத் தூக்கித் தூக்கி அடிக்கும். தெறிக்கிற தண்ணீர் படகின்மேல் விழுந்த இடத்திலேயே கட்டிதட்டிப் போகும். ஒரு ராத்திரியில் படகு அந்தப் பாரத்திலேயே சாய்ந்துவிடும்.

கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் தண்டவாளம் ஒன்று உண்டு. அதன்மேல் இரும்புச் சட்டம் பூட்டிய ஒரு வண்டி. அதைத்தான் ஊரில் தொட்டில் என்பார்கள். தொட்டிலைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் சிவப்புத் துணி கட்டிய அதன் இரண்டு கம்பங்கள் மட்டும் வெளியே தெரியும். படகை அந்தக் கம்பங்களுக்கு நடுவே நேராகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பிறகு கரையிலிருக்கும் விஞ்ச், கம்பி வடத்தைச் சுற்றித் தொட்டிலையும் படகையும் சேர்த்து மேலே இழுக்கும். நடு ஏரியில் யார் வேண்டுமானாலும் சுக்கான் பிடிக்கலாம். தொட்டிலில் ஏற்றுகிறவர்தான் கேப்டன் என்பது அந்தக் கரையின் கணக்கு.

ஜிபார் பிறந்தது நாரின் பக்கத்து மேட்டு நிலத்தில். அங்கே ஓடுகிற ஆற்றைக் குதிரை இறங்கி ஏறியே கடந்துவிடும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், அவ்வளவு தண்ணீரைப் பார்க்கப் பயந்துகொண்டு ஏரிக்கு முதுகைக் காட்டித்தான் வாளியை முக்குவாள். ஊரே சிரித்தது. பிறகு விடுதியில் படகுச் சவாரிக்குச் சீட்டுக் கிழிக்கிற வேலை கிடைத்தது. சீட்டுக் கிழித்தவள் கயிறு கட்டக் கற்றுக்கொண்டாள். கயிறு கட்டியவளை ஒருநாள் கேப்டன் கென்னாடி எஞ்சின் அறைக்குக் கூப்பிட்டார். தண்ணீர்ப் பம்புக்குப் பின்னால் ஒரு மரை கழன்றிருந்தது. அவருடைய தடித்த கை அங்கே நுழையவில்லை, இவள் கை நுழைந்தது. அன்றிலிருந்து எஞ்சின் இவள் பொறுப்பு. அதற்கப்புறம், நடு ஏரிக்குப் போனதும், “கொஞ்சம் பிடி, நான் டீ குடிச்சிட்டு வர்றேன்,” என்று சுக்கானைக் கொடுத்துவிட்டுப் போவார். கோடைக்குக் கோடை அந்த டீ நீண்டுகொண்டே போனது. ஆனாலும் துறையில் அணைப்பதும் தொட்டிலில் ஏற்றுவதும் அவர் கையால்தான்.

இந்த வருஷம் கென்னாடி ஓம்ஸ்க் நகரத்தில் இருக்கும் மகளிடம் போகிறார். முழங்கால் ஏணிப்படிக்கு மசியவில்லை. ஜிபார் போன குளிர்காலமே பரீட்சை எழுதி உரிமம் வாங்கி வைத்திருந்தாள். விடுதியின் டைரக்டர் சல்தனத் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “தாள் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏரிக்குப் படிக்கத் தெரியாதே, ஜிபார். நீ தொட்டில்ல ஏத்திக் காட்டு. ஏத்திட்டா அடுத்த மே மாசம் படகு உன்னோடது. இல்லன்னா பாலிக்சியிலேருந்து ஒரு ஆள் வரேன்னு சொல்லியிருக்கான்.”

தொட்டிலில் ஏற்றும் நாளில் இன்னொரு வழக்கமும் உண்டு. கோடை முழுவதும் படுக்கை விரித்த பெண்கள், சமையல்காரர்கள், தோட்டக்காரர்கள், கரையில் சோளம் விற்றவர்கள் என்று எல்லாருக்கும் அன்றைக்கு ஒரு கடைசிச் சவாரி. வந்தவர்களையெல்லாம் ஏற்றியனுப்பிவிட்டுக் கரையில் நின்றவர்கள் அன்று ஒருநாள் பயணிகள். சவாரி முடிந்து அவர்களைத் துறையில் இறக்கிவிட்டு, வெறும் படகைத் தொட்டிலுக்குக் கொண்டுபோவார்கள். அதற்குள் கரையில் ஆட்டுக்கறி வெந்திருக்கும்.

காலையில் துறைக்குப் போனபோது விஞ்சைச் சுற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான் ஜெக்ஷென். குபாத்தின் அண்ணன். சும்மா நிற்கத் தெரியாத மனிதன். தேநீர் ஆறுவதற்குள் இரண்டு வேலை முடித்துவிடுவான். கணவனின் அண்ணன் பெயரைச் சொல்வது அந்த வீடுகளில் வழக்கமில்லை. ஜிபார் மருமகளாக வந்த நாளிலிருந்து அவனை ‘சக்கரத்தார்’ என்றுதான் குறிப்பிடுவாள், அதையும் தாழ்ந்த குரலில். விஞ்சின் பெரிய சக்கரத்தை அவன் சுற்றுவதைப் பார்த்து அவளே வைத்த பெயர்.

“சக்கரத்தாரே, தொட்டில் இறக்கியாச்சுங்களா?” என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

“எப்பவோ! போனமா வந்தமான்னு இருக்கணும் மருமகளே. மேற்க பாத்தியா? சாயங்காலம் உலான் வரும். நீங்க வர்றதுக்குள்ள இங்க எல்லாத்தையும் முடிச்சு வச்சிருக்கேன்.”

எல்லாத்தையும் என்று அவன் சொன்னதை அப்போது யாரும் காதில் வாங்கவில்லை.

படகு நிறைந்துவிட்டது. சமையல்காரி பாத்மா இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மடியில் எண்ணெயில் பொரித்த பூர்சோக் மாவுருண்டைகள் நிறைந்த அண்டா. சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு டைரக்டர் சல்தனத் வந்தாள். குபாத் ஒரு சரம் மீனோடு வந்தான். கென்னாடி சுக்கான் அறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

“கேப்டன், ஒரு வார்த்த சொல்லுங்க,” என்றாள் ஜிபார்.

“இன்னிக்கு நான் கேப்டன் இல்ல, மூட்ட. மூட்ட பேசாது.”

வெள்ளன்னம் துறையை விட்டு விலகியது. ஜிபார் உள்ளங்கை வியர்வையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். சுக்கான் அவள் கைக்கு எவ்வளவோ பழக்கம். ஆனாலும் அன்று புதுக் குதிரையைப் போலத் துள்ளுவதாகத் தோன்றியது. மேல்தளத்தில் படுக்கை விரிக்கும் பெண்கள் ஒலிபெருக்கி மைக்கைப் பிடுங்கிப் பாடினார்கள். கோடையில் வெளியூர்க்காரர்களுக்குப் பாட்டுப் போடுகிற மைக் அது.

“ஏ பெண்ணுங்களா, மீனெல்லாம் அக்கரைக்கு ஓடுது. கொஞ்சம் மெதுவா!” என்று குபாத் கத்தினான்.

“உங்க வலையில சிக்குறதுக்கு எங்க பாட்டக் கேட்டு ஓடறதே மேல்னு நெனைக்குது!”

“பாத்மா எஜே, அந்தப் பக்கம் நகந்து உக்காருங்க, படகு சாயுது!” என்றான் ஒரு தோட்டக்காரன். அங்கே மரியாதைக்குப் பெண்களை எஜே, அதாவது அக்கா என்பார்கள்; ஆண்களை ஆகே, அண்ணன்.

“நான் நகந்தா அந்தப் பக்கம் சாயும்டா. நடுவுல உக்கார விடு.”

குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. நடு ஏரியில் ஜிபார் படகை ஒரு பெரிய வட்டம் அடித்துத் திருப்பினாள். கரை முழுவதும் ஒரே பார்வையில் விரிந்தது: மூடிய விடுதி, மடக்கிய குடைகள், காற்று இறக்கிய ரப்பர் படகுகள், மஞ்சளாகி நிற்கும் வாதுமை மரங்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குத் துக்கம் ஒன்றும் வரவில்லை. அடுத்த மே மாதம் இதே வட்டத்தைத் தானே அடிக்க வேண்டும் என்கிற ஆசைதான் வந்தது.

திரும்பி வரும்போதுதான் பாத்மா முதலில் பார்த்தாள்.

“ஏய், துறை எங்கடி?”

எல்லாரும் கரையைப் பார்த்தார்கள். காலையில் அவர்கள் ஏறிய மிதவைத் துறை இல்லை. அதன் பீப்பாய்களும் பலகைகளும் கரைமேல் அழகாக அடுக்கிக் கிடந்தன. பக்கத்தில் சிறுபடகும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவற்றின் முன்னால் ஜெக்ஷென் நின்று இரண்டு கைகளையும் பெருமையோடு ஆட்டிக்கொண்டிருந்தான்.

படகில் ஒரே சிரிப்பு. சல்தனத் சிரிக்கவில்லை, போனை எடுத்தாள்.

“ஜெக்ஷென் ஆகே! துறைய என்ன பண்ணுனீங்க?”

“கழட்டியாச்சு டைரக்டரே! எல்லாம் முடிஞ்சுது. சிறுபடகுக்கு மெழுகுகூடப் போட்டாச்சு. கறி வெந்துட்டுது, சீக்கிரம் வாங்க!”

“நாங்க எப்படி இறங்குறது?”

கரையில் ஜெக்ஷென் மெதுவாகத் திரும்பி அடுக்கிய பலகைகளைப் பார்ப்பது இங்கிருந்தே தெரிந்தது. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

“திரும்பப் பூட்ட முடியுமா?”

“பொழுது சாஞ்சிரும் எஜே... எல்லா மரையும் கழட்டிட்டேனே...”

அடுத்த ஊர்த் துறையைப் போன வாரமே கழற்றிவிட்டார்கள். மேற்கே, ஏரியும் வானமும் சேரும் இடத்தில், யாரோ கரியால் கோடு போட்டதுபோல ஒரு கறுப்பு. உலான் புறப்பட்டுவிட்டது. சிரிப்பு ஒவ்வொருவரிடமாக அடங்கியது.

சல்தனத் சுக்கான் அறைக்கு வந்தாள். “கென்னாடி, வெளையாட்டெல்லாம் போதும். இத்தன பேர் இருக்காங்க. சுக்கான நீங்க பிடிங்க.”

ஜிபார் சுக்கானிலிருந்து கையை எடுக்கவில்லை. சுக்கானை விட்டுவிட்டால் உயிருக்குப் பயமில்லை; ஆனால் இந்தக் கோடையும் வரும் கோடையும் அத்தோடு போயிற்று.

கென்னாடி மேற்கைப் பார்த்தார். ஜிபாரைப் பார்த்தார். “மூட்ட பேசாது,” என்றார். ஆனால் கட்டியிருந்த கைகளின் விரல்கள் வெளுத்திருந்தன.

“எஜே,” என்றாள் ஜிபார். “எல்லாரையும் வச்சுக்கிட்டே தொட்டில்ல ஏத்துறேன். ஆனா நான் சொல்றத எல்லாரும் செய்யணும். நீங்களும்.”

சல்தனத் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தாள். “சரி, ஏத்து.”

முதல் முயற்சி பலிக்கவில்லை. சிவப்புத் துணிக் கம்பங்களை நோக்கி நேராகத்தான் வந்தாள். பாதி உடம்பு கம்பங்களுக்கு நடுவே நுழைவதற்குள் அடியில் ‘டங்’கென்று ஒரு சத்தம். படகு நின்றது. எல்லாரும் முன்னால் சரிந்தார்கள். அண்டாவிலிருந்து பூர்சோக் உருண்டோடியது. இந்த வருஷம் ஏரியும் ஒரு சாண் இறங்கியிருந்தது. படகோ வழக்கத்துக்கு மாறாக ஆள்பாரத்தில் அமுங்கியிருந்தது. அடிப்பலகை தொட்டிலின் சட்டத்தில் முட்டிக்கொள்கிறது.

“யாரும் என்னப் பாக்காதீங்க!” என்று பாத்மா கத்தினாள். “நான் மட்டுந்தான் கனமா?”

ஜிபார் படகைப் பின்னால் எடுத்தாள். காற்று இப்போது காதில் கேட்டது. யோசிக்க நேரமில்லாத நேரத்தில் அவளுக்கு ஏரி நினைவுக்கு வரவில்லை, நாரின் நினைவுக்கு வந்தது. ஆற்றிலிருந்து குதிரை மேட்டில் ஏறும்போது, முன்கால் தூக்கும்வரை பின்னால் சாய வேண்டும். முன்கால் கரையைப் பிடித்ததும் கழுத்தோடு ஒட்டி முன்னால் படுத்துக்கொள்ள வேண்டும், பின்கால் லேசாகும்.

மைக்கைப் பிடித்தாள். “எல்லாரும் வால் பக்கம் போங்க! முழுசா, கம்பியோட ஒட்டி நில்லுங்க. நான் ‘மூக்கு’ன்னு கத்துனதும் முன்னால ஓடி வரணும். யாரும் நடுவுல நிக்கக் கூடாது.”

“எதுக்கு?” என்றது ஒரு குரல்.

“எதுக்குன்னு கரைக்குப் போயி சொல்றேன். போங்க!”

போனார்கள். பாத்மா அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனாள். சல்தனத் சிவப்புக் கோட்டை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். கென்னாடிகூட முக்காலியோடு நொண்டிக்கொண்டே பின்னால் போய் உட்கார்ந்தார். வெள்ளன்னத்தின் மூக்கு தண்ணீரிலிருந்து எழும்பியது. உண்மையிலேயே ஓர் அன்னம் கழுத்தைத் தூக்குவதுபோல இருந்தது.

ஜிபார் அறைக்கு வெளியே ஒரு கையை நீட்டி உயர்த்தினாள்: தயாராக இரு. கரையில் ஜெக்ஷென் கையை உயர்த்திப் பதில் காட்டினான்.

எஞ்சின் உறுமியது. தூக்கிய மூக்கு சட்டத்தைத் தொடாமல் தாண்டிச் சறுக்கியது. பாதி உடம்பு உள்ளே போனதும், ‘கர்ர்’ என்று மெதுவாக உட்கார்ந்தது. ஜிபார் கையைக் கீழே வீசினாள். விஞ்ச் ஊளையிட, கம்பி வடம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு விறைத்தது. தொட்டில் ஒரு முழம் ஏறியது. மூக்கைச் சட்டம் பிடித்துக்கொண்டது; இவ்வளவுதான் வேண்டும். இப்போது விஞ்ச் நிற்க வேண்டும்; பின்பாரம் இன்னும் தொட்டிலுக்கு வெளியேதான் தொங்குகிறது. அவள் இரண்டு கைகளையும் குறுக்கே காட்டினாள்: நிறுத்து.

ஜெக்ஷென் பார்க்கவில்லை. விஞ்ச் ஓட ஆரம்பித்துவிட்டால் அவன் கண் வடத்தைவிட்டு அகலாது. வடம் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பான். எந்த வருஷமும் அது நல்ல பழக்கமாகத்தான் இருந்தது.

முதல் பெரிய அலை வந்து வால் பக்கத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் தள்ளியது. படகு கம்பத்தில் உராய்ந்தது. இரும்பு கிறீச்சிட்டது. பெண்கள் அலறினார்கள்.

“ஆகே! ஆகே!” என்று படகே கத்தியது. கரையில் நின்ற ஆண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊரில் எல்லாருமே யாரோ ஒருவருக்கு ஆகே. விஞ்சின் சத்தத்தில் குனிந்து நின்ற ஒருவன் மட்டும் திரும்பவில்லை. குபாத் போன் போட்டான். அது வேலியில் தொங்கிய கோட்டுக்குள் கிடந்து அடித்தது.

ஜிபார் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். “சக்கரத்தாரே... கொஞ்சம் நிறுத்துங்க...”

அவளுக்கே கேட்கவில்லை. அந்த மனிதன்முன் எழும்பாமல் பழகிப்போன தொண்டை. ஒலிபெருக்கி இருந்தும் வீட்டில் தேநீர் நீட்டும்போது வருகிற அதே முனகல்தான் வந்தது. தொட்டில் இன்னும் ஒரு முழம் ஏறியது. படகு ஒரு பக்கம் சாயத் தொடங்கியது.

“ஜெக்ஷென்!”

ஏரிக்கரை முழுவதும் அந்தப் பெயர் போய் மோதித் திரும்பியது.

“ஜெக்ஷென்! நிப்பாட்டு!”

விஞ்ச் நின்றது. ஜெக்ஷென் முதுகில் அடி விழுந்தவன்போல நிமிர்ந்தான். கரையில் ஒரு கிழவர் தாடியைப் பிடித்தபடி அப்படியே உறைந்தார். படகில் குபாத், “ஐயோ,” என்றான்.

ஜிபாருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அலை பின்வாங்குகிற கணம், படகு நேராகிறது. “மூக்கு! மூக்கு! ஓடுங்க!”

ஓடினார்கள். சமையலறையும் தோட்டமும் சலவை அறையும் ஒரே மந்தையாக முன்னால் பாய்ந்தன. யாரோ சல்தனத்தின் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பாத்மா கடைசியாகக் கிளம்பி எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள். அவள் போய் நின்றதும் வால் எழும்பியதை எல்லாருமே உணர்ந்தார்கள். ஜிபார் எஞ்சின் கைப்பிடியை முழுவதும் தள்ளினாள். வெள்ளன்னம் ஒரு குலுக்கலோடு உள்ளே சறுக்கி, கம்பங்களுக்கு நடுவே, தொட்டிலின் சட்டத்தில், மெத்தையில் படுத்ததுபோல உட்கார்ந்தது.

“ஜெக்ஷென்! இப்ப இழு!”

இந்தத் தடவை அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். உடனே இழுத்தான். தண்ணீர் சொட்டச் சொட்ட, முன்பக்கம் குவிந்த கூட்டத்தோடு, வெள்ளன்னம் கரையேறியது. தண்டவாளத்தின் உச்சிக்குப் போய் அது நின்றபோது உலான் முழு வேகத்தில் வந்து, அவர்கள் ஒரு நிமிஷத்துக்கு முன் இருந்த இடத்தில் அலையை உடைத்தது.

பிறகு எழுந்த கூச்சலில் வாதுமை மரத்துக் காக்கைகள் கலைந்தன. பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மீன் சரத்தைத் தலைக்குமேல் சுழற்றினான் குபாத். கென்னாடி முக்காலியிலிருந்து எழுந்து, “மூட்ட இறங்கலாமா, கேப்டன்?” என்றார்.

ஏணி வைத்தார்கள். ஜிபார் கடைசியாக இறங்கினாள். கீழே ஜெக்ஷென் நின்றிருந்தான். முழங்கை வரை கிரீஸ். கூட்டம் விலகி வழிவிட்டது; விலகியவர்கள் போகவில்லை, வட்டமாக நின்றுகொண்டார்கள்.

“யாரோ என் பேரச் சொன்னாங்க,” என்றான் ஜெக்ஷென்.

ஜிபாரின் கை தானாகவே வாய்க்குப் போயிற்று. முகம் கன்றியது. தரையைப் பார்த்தாள்.

“அதுவும் ‘நிப்பாட்டு’ன்னு. ‘நிப்பாட்டுங்க’ன்னுகூட இல்ல.”

“அண்ணே, அது வந்து...” என்று குபாத் நடுவில் புகுந்தான்.

“நீ சும்மாரு. உன்ன யாரும் கூப்பிடல.”

ஜிபார் தலையை நிமிர்த்தினாள். “உங்க தம்பி பொண்டாட்டி சொல்லலீங்க,” என்றாள் மெல்ல. “அவ இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்ல. படகு ஓட்டுறவங்க சொன்னாங்க.”

ஜெக்ஷென் அந்தப் பதிலை வாயில் போட்டு மென்றதுபோல நின்றான். பிறகு அடுக்கிக் கிடந்த துறைப் பலகைகளைத் திரும்பிப் பார்த்தான். காது மடல்கள் சிவந்தன.

“படகு ஓட்டுறவங்க சொன்னா நிப்பாட்டித்தான் ஆகணும்,” என்றான். “துறையக் கழட்டுன மடையன் என்ன வாயத் திறக்க முடியும்?” சொல்லிவிட்டு அவனே முதலில் சிரித்தான். அதற்காகவே காத்திருந்தது போல எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள்.

“ஆகே, ஒரு சந்தேகம்,” என்றாள் பாத்மா. “அந்த சிறுபடகுக்கு மெழுகு எத்தன கோட்டு போட்டீங்க?”

“எஜே, சாப்பாட்டுக்கு அப்புறம் கேலி பண்ணுங்க. இப்ப கறி ஆறுது.”

ஜிபார் உடனே சாப்பிட வரவில்லை. எஞ்சினில் இருந்த தண்ணீரை அன்றே வடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி தங்கினால் உறைந்து இரும்பையே பிளந்துவிடும். திருகைத் திறந்து கடைசிச் சொட்டு வரை ஒழுகவிட்டாள். பாட்டரியைக் கழற்றி, போர்வை சுற்றிக் குபாத்தின் கையில் கொடுத்தாள். குளிர்காலம் முழுவதும் அது அவர்கள் வீட்டு அடுப்புக்குப் பின்னால் தூங்கும். மைக்கை எடுத்துத் துணியில் துடைத்து உறைக்குள் போட்டாள். துடைக்கும்போது தன்னையறியாமல் சிரித்தாள்.

சல்தனத் சுக்கான் அறை வாசலில் நின்றிருந்தாள். கோட்டின் ஒரு கையில் தையல் விட்டிருந்தது. “பாலிக்சி ஆளுக்குப் போன் பண்ணிட்டேன்,” என்றாள்.

ஜிபார் மைக் உறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“வேற வேல பாத்துக்கச் சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு. மே மாசம் என்னய வாலுக்கும் மூக்குக்கும் ஓட விட்டீன்னா இன்னொரு கோட்டு நீதான் வாங்கித் தரணும்.”

விடுதிக்குள் நீண்ட விரிப்பில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கறி வந்தது. கறியைப் பிரித்து வைப்பது ஜெக்ஷெனின் உரிமை. எந்த எலும்பு யாருக்கு என்பதில் அவன் ஒருநாளும் தவறியதில்லை. பெரிய பெண்களுக்கு வாலோடு சேர்ந்த கறி. மருமகள்களுக்கு நெஞ்சுக்கறி. இடுப்பெலும்பு கேப்டனுக்கு, எத்தனையோ வருஷமாக அது கென்னாடியின் தட்டுக்குத்தான் போகும். கென்னாடி பழக்கத்தில் தட்டை முன்னால் நகர்த்தினார்.

ஜெக்ஷென் இடுப்பெலும்பைக் கையில் எடுத்தான். கென்னாடியைத் தாண்டினான். குபாத்தைத் தாண்டினான். மருமகள்கள் வரிசையின் கடைசியில், வாசலோரம் முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்த ஜிபாரின் தட்டில் வைத்தான். கென்னாடி நகர்த்திய தட்டைத் தானே பின்னால் இழுத்துக்கொண்டு, “நெஞ்சுக்கறி எனக்குப் பிடிக்குமான்னு யாரும் கேட்டதே இல்ல,” என்றார்.

எல்லாரும் உள்ளங்கைகளை ஏந்தி, குளிர்காலம் நல்லபடியாகப் போகட்டும் என்று வேண்டி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். வெளியே உலான் கதவைப் பிடித்து உலுக்கியது. ஜிபார் எலும்பைக் கையில் எடுத்தாள். அவ்வளவு பெரிதை எந்தப் பக்கம் கடிப்பது என்று தெரியவில்லை. எல்லாரும் தன்னையே பார்ப்பதும் தெரிந்தது.

“சக்கரத்தாரே,” என்றாள், பழைய குரலில், தட்டைப் பார்த்துக்கொண்டே. “அந்த உப்பக் கொஞ்சம் இப்பிடித் தள்ளுங்களேன்.”

ஜெக்ஷென் உப்பைத் தள்ளினான்.